"எதற்கு?" என்று கேட்காத கடை: அமெரிக்கத் துப்பாக்கி விவாதம், ஆரம்பத்திலிருந்து

டெக்சாஸ் மாநிலத்தில் ஒருவர் துப்பாக்கிக் கடைக்குள் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். கைத்துப்பாக்கி வாங்க அவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். வேட்டைக்குப் பயன்படும் ரைஃபிள் என்றால் 18 போதும். அடையாள அட்டையைக் காட்டி, 4473 என்ற எண்ணுள்ள படிவத்தை நிரப்புகிறார். கடுமையான குற்றத்தில் தண்டிக்கப்பட்டவரா, போலீஸ் தேடும் ஆளா, போதைப்பொருள் பழக்கம் உண்டா, குடும்ப வன்முறை வழக்கில் தண்டனை பெற்றவரா என்றெல்லாம் அதில் கேள்விகள் இருக்கும். கடைக்காரர் எஃப்.பி.ஐ. நடத்தும் தகவல் அமைப்பில் அவர் பெயரைச் சரிபார்க்கிறார். பெரும்பாலும் சில நிமிடங்களில் பதில் வந்துவிடும். பணத்தைக் கட்டிவிட்டுத் துப்பாக்கியோடு அவர் வீட்டுக்குப் போகலாம்.

இவ்வளவு கேள்விகளில் ஒன்றை மட்டும் யாரும் கேட்பதில்லை: "உங்களுக்கு இது எதற்கு?"

இந்தியாவில் ஆயுத உரிமம் கேட்டுப் போனால் அதுதான் முதல் கேள்வி. காரணம் சொல்லி அதிகாரியை நம்பவைக்க வேண்டியது நம் பொறுப்பு. அமெரிக்காவில் அந்தப் பொறுப்பு அரசின் தலையில் இருக்கிறது. கொடுக்க மாட்டேன் என்றால் ஏன் என்று அரசுதான் சொல்ல வேண்டும். அங்கே ஒரு பள்ளியில் துப்பாக்கிச்சூடு நடந்த செய்தி வரும்போதெல்லாம், "ஒரு சட்டம் போட்டுத் தடை செய்ய வேண்டியதுதானே?" என்று நம் வீடுகளில் கேட்கிறோம். நியாயமான கேள்விதான். ஆனால் சட்டம் போடுவதற்கு மேலே ஒரு அரசியல் சாசனம் இருக்கிறது, அதில் ஒரு வாக்கியம் இருக்கிறது. அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

இருபத்தேழு சொற்கள்

1791 டிசம்பர் 15-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த இரண்டாவது சட்டத்திருத்தம் ஆங்கிலத்தில் வெறும் 27 சொற்கள். தமிழில் ஏறக்குறைய இப்படிச் சொல்லலாம்: "ஒழுங்காக நடத்தப்படும் ஊர்ப்படை ஒரு சுதந்திர நாட்டின் பாதுகாப்புக்குத் தேவை என்பதால், ஆயுதம் வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்கு உள்ள உரிமை மீறப்படலாகாது."

முதல் பாதி ஊர்ப்படையைப் பற்றிப் பேசுகிறது. இரண்டாம் பாதி மக்களின் உரிமையைப் பற்றிப் பேசுகிறது. முதல் பாதி இரண்டாம் பாதியைக் கட்டுப்படுத்துகிறதா, இல்லை வெறும் முன்னுரையா? இத்தனை ஆண்டு வழக்குகளும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

ஊர்ப்படை என்றால் என்ன என்று அந்தக் காலத்து ஆளிடம் கேட்டால் தயங்காமல் சொல்லியிருப்பார். 1775 ஏப்ரலில், மாசசூசெட்ஸில் கன்கார்ட் என்ற ஊரில் குடியேறிகள் சேர்த்து வைத்திருந்த வெடிமருந்தையும் ஆயுதங்களையும் பறிக்க பிரிட்டிஷ் சிப்பாய்கள் கிளம்பினார்கள். அவர்களைத் தடுத்து நின்றவர்கள் உழவர்களும் கைத்தொழில் செய்தவர்களும்தான். சொந்தத் துப்பாக்கியோடு வந்தார்கள். அமெரிக்க விடுதலைப் போர் அன்றைக்குத்தான் தொடங்கியது. அதனால் புதிய நாட்டை உருவாக்கியவர்களுக்கு, நிரந்தரமாக ஒரு பெரிய ராணுவத்தை மத்திய அரசின் கையில் கொடுப்பதில் பயம் இருந்தது. மக்களே படையாக இருக்கட்டும் என்று நினைத்தார்கள். 1792-இல் வந்த சட்டம், 18 முதல் 45 வயது வரையுள்ள வெள்ளையின ஆண்கள் தங்கள் செலவிலேயே துப்பாக்கியும் குண்டும் வாங்கி வைத்திருக்க வேண்டும் என்று கட்டளையே இட்டது. வெள்ளையினத்தவர் என்ற அந்தச் சொல்லை மறந்துவிடாதீர்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

அப்புறம் காலம் மாறியது. ஊர்ப்படை மறைந்து முறையான ராணுவம் வந்தது. வாக்கியம் மட்டும் அப்படியே நின்றது.

நீண்ட காலம் நீதிமன்றங்கள் இதில் பெரிதாகத் தலையிடவில்லை. 1920-களில் மதுவிலக்கு நடந்தபோது ரவுடிக் கும்பல்கள் இயந்திரத் துப்பாக்கியோடு தெருவில் மோதிக்கொண்டன. அதன் விளைவாக 1934-இல் இயந்திரத் துப்பாக்கிக்கும் குழல் குட்டையாக்கப்பட்ட துப்பாக்கிகளுக்கும் பதிவும், 200 டாலர் வரியும் வந்தன. அன்றைக்கு அது பெரும் தொகை. ஐந்து ஆண்டு கழித்து வழக்கு உச்ச நீதிமன்றம் போனபோது, குட்டைக் குழல் துப்பாக்கிக்கும் ஊர்ப்படைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டு நீதிமன்றம் அந்தச் சட்டத்தை நிற்க விட்டது. அதாவது முதல் பாதியைப் பிடித்துக்கொண்டது.

திருப்பம் வந்தது 2008-இல். தலைநகர் வாஷிங்டனில் 1976 முதல் கைத்துப்பாக்கிக்குத் தடை இருந்தது. ஓர் அரசுக் கட்டடத்தில் துப்பாக்கியோடு காவல் பணி பார்த்த டிக் ஹெல்லர், வேலையில் ஏந்துவதை என் வீட்டில் ஏன் வைத்திருக்கக் கூடாது என்று வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது. நீதிபதி அன்டனின் ஸ்கலியா எழுதிய அந்தத் தீர்ப்புதான், ஊர்ப்படையோடு தொடர்பில்லாத தனிமனிதருக்கும் வீட்டில் தற்காப்புக்காகத் துப்பாக்கி வைக்க உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் முதல்முறையாகத் தெளிவாகச் சொன்னது. நாடு பிறந்து இருநூறு ஆண்டுக்கு மேலான பிறகு.

அந்தத் தீர்ப்பில் பலர் படிக்காமல் தாண்டும் ஒரு பகுதி உண்டு. எல்லா உரிமைகளையும் போல இதற்கும் எல்லை உண்டு, குற்றவாளிகளிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்பதையோ பள்ளிகளிலும் அரசுக் கட்டடங்களிலும் கொண்டுபோகக் கூடாது என்பதையோ இந்தத் தீர்ப்பு சந்தேகத்துக்கு உள்ளாக்கவில்லை என்று ஸ்கலியாவே எழுதினார். ஆகவே "இரண்டாவது திருத்தம் இருக்கும்வரை எந்தக் கட்டுப்பாடும் செல்லாது" என்று யாராவது சொன்னால் அது தவறு. "துப்பாக்கி தனிமனித உரிமையே இல்லை" என்று சொன்னால், இன்றைய சட்டப்படி அதுவும் தவறு.

2022-இல் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. நியூயார்க்கில் வெளியே துப்பாக்கி ஏந்த வேண்டுமென்றால் தனிப்பட்ட தேவையை நிரூபிக்க வேண்டும் என்று நூறாண்டுக்கும் மேலாக ஒரு சட்டம் இருந்தது. அதாவது, "எதற்கு?" என்று கேட்கும் சட்டம். அது செல்லாது என்றார்கள். கூடவே ஒரு புது அளவுகோலையும் வைத்தார்கள்: ஒரு கட்டுப்பாடு செல்ல வேண்டுமென்றால், அந்நாட்டின் பழைய சட்ட மரபில் அதற்கு ஒப்பான ஒன்று இருந்திருக்க வேண்டும்.

இதன் விளைவு என்னைக் கலங்க வைத்தது. மனைவியையோ காதலியையோ மிரட்டி, நீதிமன்றத்தின் பாதுகாப்பு உத்தரவுக்கு உள்ளானவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று ஒரு மத்தியச் சட்டம் உண்டு. அப்படி ஒரு சட்டம் பழைய காலத்தில் இல்லையே என்று 2023-இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தூக்கிப் போட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் எப்படி இருந்திருக்கும்? மனைவியை அடிப்பதை அன்றைய சட்டம் பெரிய குற்றமாகவே நினைக்கவில்லையே. நல்ல வேளையாக, 2024-இல் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் அந்தச் சட்டத்தை மீட்டது. பழைய சட்டத்தின் அச்சு அசலான நகல் தேவையில்லை, அதன் அடிப்படை ஒத்துப்போனால் போதும் என்று விளக்கமும் தந்தது.

உரிமை கேட்பவர்களின் பயம்

துப்பாக்கி உரிமை பேசுபவர்களை வெறியர்கள் என்று ஒதுக்கிவிடுவது எளிது. அது நேர்மையல்ல. அமெரிக்கப் பெரியவர்களில் மூன்றில் ஒருவரிடம் சொந்தத் துப்பாக்கி இருப்பதாக 2023-இல் பியூ ஆய்வு மையம் கண்டது. அவர்களில் 72 சதவீதம் பேர் சொன்ன முக்கியக் காரணம் பாதுகாப்பு. மொன்டானாவிலோ வயோமிங்கிலோ ஒதுக்குப்புறமான பண்ணை வீட்டுக்குப் போலீஸ் வந்து சேர வெகுநேரம் ஆகலாம். கதவை உடைக்கிறவன் அதுவரை காத்திருப்பானா என்று அவர்கள் கேட்கிறார்கள்.

இதைவிடக் கனமான ஒரு வாதமும் அவர்களிடம் இருக்கிறது. கொலராடோவில் 1999-இல் ஒரு தாய், பிரிந்து வாழ்ந்த கணவர் நீதிமன்ற உத்தரவை மீறி மூன்று மகள்களைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார் என்று போலீஸிடம் திரும்பத் திரும்ப மன்றாடினார். போலீஸ் அசையவில்லை. மூன்று குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். 2005-இல் உச்ச நீதிமன்றம், அந்த உத்தரவைப் போலீஸ் நிறைவேற்றியே ஆக வேண்டும் என்று கோர அந்தத் தாய்க்கு அரசியல் சாசன உரிமை இல்லை என்றது. அரசு என்னைக் காப்பாற்றக் கடமைப்படவில்லை என்றால் நானே என்னைக் காத்துக்கொள்வதை எப்படித் தடுக்கலாம்? இந்தக் கேள்விக்கு எதிர்த் தரப்பில் எளிதான பதில் கிடையாது.

இப்போது அந்த "வெள்ளையின" என்ற சொல்லுக்கு வருகிறேன். அடிமை முறை ஒழிந்த 1865-இலேயே மிசிசிப்பி மாநிலம், விடுதலையான கறுப்பினத்தவர் உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. இரவில் வீடு தேடித் தாக்க வந்த வெள்ளையர்களிடம் ஆயுதம் இருந்தது; வீட்டுக்குள் இருந்தவரிடம் இருக்கக் கூடாது என்றார்கள். 1956-இல் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசப்பட்ட பிறகு அவரே துப்பாக்கி ஏந்த அனுமதி கேட்டார். மறுத்துவிட்டார்கள். 1967-இல் கலிஃபோர்னியாவில் கறுப்பினத்தவரின் உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைக் கட்சியினர் துப்பாக்கியோடு சட்டமன்றத்துக்குள் நுழைந்தார்கள். அதே ஆண்டில், பொது இடத்தில் குண்டு நிரப்பிய துப்பாக்கியை ஏந்தக் கூடாது என்ற சட்டம் வந்தது. கையெழுத்திட்ட ஆளுநர் ரொனால்ட் ரீகன். துப்பாக்கிக் கட்டுப்பாடு யாருக்கு எதிராகப் பயன்படும் என்ற சந்தேகம் அங்கே வெறும் கற்பனையில் பிறந்ததல்ல.

இந்த விவாதத்தில் காந்தியின் பெயரும் அடிபடும். ஒரு தேசம் முழுவதையும் நிராயுதபாணியாக்கிய சட்டத்தையே ஆங்கில ஆட்சியின் தீமைகளில் மிகக் கறுப்பானதாக வரலாறு பார்க்கும் என்று அவர் எழுதியதை துப்பாக்கி ஆதரவாளர்கள் மேற்கோள் காட்டுவார்கள். அவர் எழுதியது உண்மைதான். 1878-இன் ஆயுதச் சட்டத்தைச் சொல்கிறார். ஆனால் எப்போது எழுதினார்? 1918-இல், முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படைக்கு ஆள் சேர்க்கும் துண்டறிக்கையில். ஆயுதச் சட்டம் போக வேண்டுமானால், ஆயுதப் பயிற்சி வேண்டுமானால், படையில் சேருங்கள் என்பது அதன் சாரம். வீட்டுக்கு ஒரு துப்பாக்கி வேண்டும் என்பதற்கு அவரை இழுப்பது எனக்கு ஏற்பாகப் படவில்லை.

எண்கள் சொல்வது

சரி, மறுபக்கம். 2017-இல் அமெரிக்கப் பொதுமக்களிடம் சுமார் 39 கோடி துப்பாக்கிகள் இருப்பதாக ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே என்ற ஜெனீவா ஆய்வமைப்பு மதிப்பிட்டது. மக்கள்தொகையை விட அதிகம். 2021-இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். 2020-லிருந்து, ஒரு வயது முதல் 19 வயது வரை உள்ளவர்கள் அங்கே இறப்பதற்கு முதல் காரணம் துப்பாக்கி. சாலை விபத்தையும் அது முந்திவிட்டது.

இந்த 48,830-ஐப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கொலையானவர்கள் 20,958 பேர். தொலைக்காட்சியில் நாம் பார்த்து நடுங்கும் பள்ளிப் படுகொலைகள் மொத்தத்தில் மிகச் சிறிய பங்கு. கொலைகளிலும் பெரும்பாலானவை கைத்துப்பாக்கியால் நடப்பவை. எல்லோரும் சண்டை போடும் ஏஆர்-15 வகை ரைஃபிள்களின் பங்கு அதில் குறைவு.

அந்த ஏஆர்-15 பற்றி ஒரு சின்ன விளக்கம். "ஏஆர்" என்பது அதை முதலில் வடிவமைத்த ஆர்மலைட் நிறுவனத்தின் பெயர்ச் சுருக்கம். ராணுவத்தின் இயந்திரத் துப்பாக்கியில் விசையை அழுத்திப் பிடித்தால் குண்டுகள் தொடர்ந்து பாயும். கடையில் விற்கும் ஏஆர்-15-இல் ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டுதான். ஆனால் அடுத்த குண்டு தானாக ஏறிவிடும், வேகமாக இழுத்துக்கொண்டே இருக்கலாம். 1994-இல் இந்த வகையைப் பத்து ஆண்டுகளுக்குத் தடை செய்தார்கள். பிரச்சினை என்னவென்றால், எதைத் தடை செய்கிறோம் என்பதை வெளி உறுப்புகளை வைத்து வரையறுத்தார்கள்: மடக்கும் கட்டை, தனிக் கைப்பிடி, துப்பாக்கி ஈட்டி பொருத்தும் இடம் என்று. நிறுவனங்கள் அந்த உறுப்புகளை நீக்கிவிட்டு ஏறக்குறைய அதே துப்பாக்கியை விற்றன. 2004-இல் தடை காலாவதியானது. அந்தச் சட்டத்தில் உருப்படியாக இருந்தது பத்துக் குண்டுக்கு மேல் கொள்ளும் குண்டுப்பெட்டிக்கான தடைதான் என்பது என் எண்ணம். சுடுபவர் நிறுத்தி மாற்ற வேண்டிய அந்தச் சில நொடிகளில்தான் மக்கள் ஓடித் தப்பிக்க முடியும்.

தற்கொலை விஷயத்துக்கு வருகிறேன். அதுதான் பெரிய பங்கு, அதைத்தான் யாரும் பேசுவதில்லை. தற்கொலை முயற்சியிலிருந்து பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை. நொறுங்கிப்போன அந்த நேரத்தைக் கடந்துவிட்டால் வாழ்கிறார்கள். துப்பாக்கி கைக்கெட்டும் இடத்தில் இருந்தால் அந்த இரண்டாவது வாய்ப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை. 2009-இல் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரே வாரத்துக்குள் மூன்று பேர் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கி, வாங்கிய சில மணி நேரத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். கடைக்காரர் உடைந்துபோனார். பிறகு கடைக்காரர்களும் பொதுச் சுகாதாரத் துறையினரும் சேர்ந்து உட்கார்ந்து, மனம் கலங்கி வருபவரை எப்படி அடையாளம் காண்பது, எப்போது விற்காமல் திருப்பி அனுப்புவது, வீட்டில் ஒருவர் தவிக்கும்போது துப்பாக்கியைக் கொஞ்ச நாள் வேறிடத்தில் வைக்கச் சொல்வது எப்படி என்று வழிமுறை வகுத்தார்கள். மற்ற மாநிலங்களும் அதைப் பின்பற்றின. இந்த விவாதத்தில் எனக்கு நம்பிக்கை தரும் இடம் இதுதான். யாரும் யாருடைய உரிமையையும் பறிக்கவில்லை.

உண்மையில் சண்டை எதைப் பற்றி?

எல்லாத் துப்பாக்கியையும் பறிக்க வேண்டும் என்று கேட்பவர்கள் அங்கே மிகச் சிலர். சண்டை ஓட்டைகளைப் பற்றியது. உரிமம் பெற்ற கடை கட்டாயம் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும். ஆனால் ஒரு தனிமனிதர் தன் துப்பாக்கியை இன்னொருவருக்கு விற்றால் மத்தியச் சட்டப்படி சரிபார்ப்பு தேவையில்லை. சில மாநிலங்கள் இதை அடைத்திருக்கின்றன, பல அடைக்கவில்லை. மாநில எல்லையில் சோதனைச் சாவடி கிடையாது. சிகாகோவில் கடுமையான சட்டம் இருந்தும் கொலை நடக்கிறதே என்பார்கள். அங்கே பிடிபடும் துப்பாக்கிகளில் பாதிக்கு மேல் வெளி மாநிலத்திலிருந்து வருபவை என்று அந்நகரத்தின் அறிக்கையே சொல்கிறது. பக்கத்து இண்டியானாவுக்கு அதில் முதலிடம்.

இன்னொன்று பதிவேடு. குற்றம் நடந்த இடத்தில் ஒரு துப்பாக்கி கிடைத்தால், எண்ணைத் தட்டினால் கணினி உரிமையாளர் பெயரைச் சொல்லிவிடும் என்றுதான் நாம் நினைப்போம். அப்படி ஒரு தேசியப் பதிவேடு வைக்கக் கூடாது என்று 1986-இன் சட்டமே தடுக்கிறது. இன்று பட்டியல் போட்டால் நாளை வீடு வீடாக வந்து பறிப்பார்கள் என்ற பயம் அதற்குக் காரணம். அதனால் வெஸ்ட் வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் ஊரில் உள்ள, துப்பாக்கியை வாங்கியவரைத் தேடிக் கண்டுபிடிக்கும் மத்திய அரசு மையத்தில் ஊழியர்கள் முதலில் தயாரித்த நிறுவனத்தை அழைப்பார்கள். பிறகு மொத்த வியாபாரியை, பிறகு கடையை. கடை மூடியிருந்தால், அதன் பழைய 4473 படிவங்கள் இந்த மையத்துக்கு அட்டைப் பெட்டிகளில் வந்திருக்கும். அவற்றைப் படம் பிடித்து வைக்கலாம், ஆனால் பெயர் போட்டுத் தேடும்படி வைக்கக் கூடாது. ஆண்டுக்கு லட்சக்கணக்கான தேடல்கள் இப்படித்தான் நடக்கின்றன. பறிமுதல் பயத்தைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் கொலைகாரனைத் தேடும் வேலையைக் கையால் பக்கம் புரட்டச் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

மூன்றாவது, "சிவப்புக் கொடி" சட்டங்கள். ஒருவர் தனக்கோ பிறருக்கோ ஆபத்து விளைவிக்கும் நிலையில் இருக்கிறார் என்று குடும்பத்தாரோ போலீஸோ முறையிட்டால், நீதிபதி குறிப்பிட்ட காலத்துக்குத் துப்பாக்கியை எடுத்து வைக்க உத்தரவிடலாம். 1999-இல் கனெக்டிகட் தொடங்கியது. 2018-இல் பார்க்லண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்ட பிறகு, துப்பாக்கி ஆதரவு வலுவான ஃப்ளோரிடாவே கொண்டுவந்தது. குற்றம் செய்யாதவரின் சொத்தை எடுப்பதா என்ற எதிர்ப்பு உண்டு. விரைவான விசாரணையும் திருப்பித் தரும் வழியும் இருக்கும்வரை, இது நியாயமான ஏற்பாடு என்பதே என் கருத்து.

அப்படியானால் ஏன் நடப்பதில்லை? 2012 டிசம்பரில் சாண்டி ஹூக் தொடக்கப் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் கொல்லப்பட்டார்கள். நான்கு மாதம் கழித்து, பின்னணிச் சரிபார்ப்பை விரிவாக்கும் ஒரு மசோதா, நூறு பேர் கொண்ட மேலவையான செனட்டுக்கு வந்தது. கருத்துக் கணிப்புகளில் பத்தில் ஒன்பது பேர் ஆதரவு. செனட்டில் 54 பேர் ஆதரவாக வாக்களித்தார்கள். 54 பெரும்பான்மைதான், ஆனால் செனட் நடைமுறைப்படி 60 வேண்டும். தோற்றது. மேலும், ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் நாலு கோடியை நெருங்கும் கலிஃபோர்னியாவுக்கும் செனட்டில் ஆளுக்கு இரண்டு இடங்கள்தான். தேசிய ரைஃபிள் சங்கத்தின் பணத்தைப் பலர் காரணம் சொல்வார்கள். 1871-இல் குறிபார்த்துச் சுடக் கற்றுத்தரத் தொடங்கப்பட்ட சங்கம் அது. 1977-இல் உள்ளேயே நடந்த கலகத்துக்குப் பிறகுதான் சமரசமற்ற அரசியல் அமைப்பாக மாறியது. பணத்தைவிடப் பெரியது அதன் உறுப்பினர்களின் வாக்கு. அவர்கள் இந்த ஒரே விஷயத்துக்காக ஓட்டுப் போடுவார்கள். கட்டுப்பாட்டை ஆதரிப்பவர்களுக்கு இது பத்தோடு பதினொன்று.

ஆஸ்திரேலியாவை உதாரணம் காட்டுவார்கள். 1996-இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டதும் சட்டத்தை இறுக்கி, ஆறரை லட்சம் துப்பாக்கிகளை அரசே விலைக்கு வாங்கி அழித்தது. பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் அங்கே அரசியல் சாசனத்தில் அந்த 27 சொற்கள் இல்லை, 39 கோடி துப்பாக்கிகளும் இல்லை.

அசைவே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2022 மே மாதம் டெக்சாஸின் யுவால்டியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் கொல்லப்பட்ட ஒரு மாதத்தில், இரு கட்சியினரும் சேர்ந்து ஒரு சட்டம் நிறைவேற்றினார்கள். 21 வயதுக்குக் குறைந்தவர் வாங்க வந்தால் கூடுதல் சரிபார்ப்பு, சிவப்புக் கொடி நடைமுறைக்கு மாநிலங்களுக்கு நிதி, மனைவியை மட்டுமல்ல காதலியை அடித்துத் தண்டனை பெற்றவருக்கும் தடை. 2024-இல் மிச்சிகனில், தங்கள் மகன் பள்ளியில் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்றதற்காக ஒரு தாயும் தந்தையும் சிறைத்தண்டனை பெற்றார்கள். துப்பாக்கியை அவன் கைக்கு எட்டும்படி வைத்தது அவர்கள் குற்றம் என்றன நடுவர் குழுக்கள்.

என் பெரியம்மா பேத்தி டாலஸில் வளர்கிறாள். முதல்முறை ஒரு தோழி வீட்டுக்கு விளையாட அனுப்பும்போது அவள் அம்மா போனில் கேட்டாளாம், குழந்தை மருத்துவர் கேட்கச் சொல்லியிருந்த கேள்வி: "உங்கள் வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? பூட்டி வைத்திருக்கிறீர்களா?" கேட்கவே கூச்சமாக இருந்ததாம், என்ன நினைப்பார்களோ என்று. அந்தப் பக்கம் இருந்த அம்மா கோபப்படவில்லை. "இருக்கிறது. பெட்டகத்தில் பூட்டியிருக்கிறது, குண்டுகள் தனியாக வேறிடத்தில். நீங்கள் கேட்டது நல்லதாயிற்று" என்றாராம்.